ஏழு குன்றும் ஆறு நாள் விரதமும்

நாள் பார்ப்பதில் வாமதேவனை மிஞ்ச லண்டன் எட்மண்டனில் ஆள் இல்லை. இதை அவரே சொல்வார். பத்தொன்பது வருடம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து கொழும்புக்கும் சென்னைக்கும் விமானச் சீட்டு விற்ற மனிதர். எந்தக் கிழமை விலை ஏறும், எந்தக் கிழமை இறங்கும், எந்தச் சித்தப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு எந்த மருமகன் கடைசி நிமிடத்தில் ஓடிவந்து நிற்பான் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில்.

ஆனால் சீட்டு விற்பது ஒரு வியாபாரம், சுற்றுலா விற்பது வேறு வியாபாரம். சீட்டு விற்றவனைப் பயணி விமானத்தில் இடுப்புப் பட்டி போடும்போதே மறந்துவிடுவான். சுற்றுலா விற்றவனையோ, சப்பாத்து கடித்தாலும் நினைப்பான், மழை பெய்தாலும் நினைப்பான், ஊர் திரும்பி வந்து பத்து வருடம் கழித்தும் கலியாண வீட்டுப் பந்தியில் நினைப்பான். அந்த நினைப்பில்தான் லாபமும் இருக்கிறது, நாசமும் இருக்கிறது.

இந்த வருடம் வாமதேவன் துணிந்துவிட்டார். தன் பெயரைப் பெரிதாகப் போட்டு முதல் சுற்றுலா: ரோமாபுரி, ஐந்து நாள், முப்பத்தாறு பேர். ரோமைத் தெரிந்தெடுத்தது மனைவி கிளறிற்றாவை நம்பி. அவர் இளவாலைக் கத்தோலிக்கப் பெண். தேவாலயக் கூட்டத்தோடு நாலு தரம் ரோமுக்குப் போய் வந்தவர். எந்த வாசலில் வரிசை குறைவு, எந்தத் தெருவில் கைப்பையைக் கட்டிப்பிடிக்க வேண்டும், பாப்பரசரின் அருங்காட்சியகத்தில் கழிவறை எத்தனையாவது திருப்பத்தில் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வாமதேவனுக்கு விற்கத் தெரியும். கடை நடக்க இரண்டு பேர் போதும்: ஒருவருக்குச் சரக்குத் தெரியவேண்டும், மற்றவருக்குச் சனத்தைத் தெரியவேண்டும்.

போட்டிக்கு ஆள் இல்லாமலும் இல்லை. கிழக்கு லண்டன் பார்க்கிங் பகுதியில் சண்முகராசா என்று ஒருவர், பதினைந்து வருடமாகப் பாரிசுக்கும் லூர்து மாதாவிடமும் பஸ் விடுகிறார். மாதாவிடம் போகிறவர்களில் பாதிக்கு மேல் சைவச் சனம் என்பது வேறு கதை. வாமதேவனின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் சொன்னாராம்: "பறக்கட்டும், பறக்கட்டும். முதல் முட்டை கூழ்முட்டையோ எண்டு பாப்பம்." அந்தப் பேச்சு சாப்பாடு முடியுமுன்னே எட்மண்டனுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ஆகவே நாள் பார்ப்பதில் வாமதேவன் எந்தக் குறையும் வைக்கவில்லை. கவுன்சிலின் பள்ளி விடுமுறைத் தாளை ஒரு பக்கம் வைத்தார். ஐப்பசியில் ஒரு வாரம் விடுமுறை; அந்த வாரம் பிள்ளைகளின் தாய் தகப்பன் லீவு எடுப்பார்கள்; பேரப்பிள்ளைகளை ஏற்றி இறக்கும் மாமிமாருக்கு விடுதலை. விமான விலையை மறுபக்கம் வைத்தார். அதற்குள் புரட்டாதிச் சனி போய்விடும். நவராத்திரி முடிந்துவிடும். தீபாவளி திங்கட்கிழமை. செவ்வாய் காலை பறந்து சனி இரவு திரும்பினால் ஒரு விசேஷத்திலும் கால் தடக்காது. "தீபாவளிப் பலகாரம் செமிக்க ரோமில் ஒரு நடை" என்று விளம்பரத்தில் ஒரு வரியும் சேர்த்துத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

பங்குனியிலேயே முப்பத்தாறு இடமும் போய்விட்டது. அதில் இருபத்திரண்டு கோயில் மாதர் சங்கத்தார்.

பயணத்துக்கு நாலு வாரம் இருக்கும்போது அந்தச் சங்கத்தின் தலைவி சிவகௌரி தொலைபேசியில் வந்தார். முப்பது வருடம் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையை ஆண்டவர். அறுநூறு தட்டை ஒரு மணி நேரத்தில் நிரப்பிய குரல் அது. சுற்றி வளைக்கத் தெரியாது.

"தம்பி வாமதேவன், இருந்துகொண்டு கதைக்கிறீரோ, நிண்டுகொண்டோ?"

"நிக்கிறன் அக்கா."

"கதிரையிலை இரும்."

இருந்தார்.

"தீபாவளிக்கு அடுத்த நாள் என்ன நாள்?"

"செவ்வாய்க்கிழமை அக்கா. நாங்கள் பறக்கிற நாள்."

"பறக்கிறது கிடக்கட்டும். ஐப்பசி அமாவாசைக்கு அடுத்த நாள் என்ன தொடங்குது எண்டு கேக்கிறன்."

வாமதேவன் சுவரில் கிடந்த கலண்டரைப் பார்த்தார். கோயில் கொடுத்த கலண்டர்தான். அந்தச் செவ்வாயில் சிவப்பு எழுத்தில், அவரைப் பார்த்துச் சிரிப்பதுபோல், 'கந்தசஷ்டி விரத ஆரம்பம்' என்று கிடந்தது. செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு நாள். ஞாயிறு பின்னேரம் சூரன்போர். முருகனை நம்பின சனம் ஆறு நாளும் பாலும் பழமுமாகவோ, ஒருநேரச் சோறாகவோ, சில வைரம் பாய்ந்த ஆட்கள் வெறும் தண்ணீராகவோ இருக்கும் நாட்கள். அந்த ஆறில் ஐந்து நாளுக்கு அவர் வாங்கி வைத்திருந்தது பீற்சா, பாஸ்ரா, ஆற்றங்கரைப் பக்கத்தில் மூன்று வகைக் கறியோடு ஒரு பெரிய விருந்து.

"அக்கா..."

"இருபத்திரண்டு பேரும் விரதகாரர். நான் இருபத்தேழு வருஷமா ஒரு கந்தசட்டியும் விடேல்லை. இனி ரோமாபுரியிலை போயோ விடப் போறன்? எங்கட பேரை வெட்டிவிடும், தம்பி."

ஒரு யாழ்ப்பாணத்துச் சைவன் கந்தசஷ்டியை மறப்பது, மீன் சந்தைக்காரன் கடலை மறப்பதுபோல. ஆனால் அதற்கும் ஒரு நியாயம் உண்டு. இருபத்தாறு வருடமாக அவர் வீட்டில் விரதம் என்றால் மனைவியின் தவக்காலம். தவக்காலம் என்றால் வெள்ளிக்கிழமையில் இறைச்சிக்குப் பதில் மீன். வாமதேவனுக்கு மற்ற நாளிலும் மீன்தான். ஆகவே அந்த வீட்டு நாக்குக்கு எந்த விரதமும் தெரியாமல் போனது. கலப்புக் கலியாணத்தில் இரண்டு பக்கத்துப் பண்டிகையும் கிடைக்கும் என்பார்கள். உண்மை. பட்டினி மட்டும் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் விழுந்து காணாமல் போய்விடும்.

சிவகௌரியும்தான் பங்குனியில் கலண்டர் பார்க்காமல் பெயர் கொடுத்தார். அது வாமதேவனின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார். வாங்க வந்தவரின் பிழையைச் சொல்லிக் காட்டுகிறவன் வழக்கில் வெல்வான், கடையைப் பூட்டுவான்.

"அக்கா, சனிக்கிழமை பின்னேரம் உங்கட வீட்டை வாறன். சங்கத்து ஆக்களையும் கூப்பிடுங்கோ. அதுவரைக்கும் ஒருத்தரும் ஒண்டையும் வெட்டவேண்டாம்."

"வந்து என்ன செய்யப்போறீர்? கந்தசட்டியைத் தள்ளிவைப்பீரோ?"

"தேத்தண்ணி மட்டும் போட்டு வையுங்கோ."

துணிவாகச் சொல்லிவிட்டார். தொலைபேசியை வைத்தபிறகுதான் சொல்வதற்கு ஒன்றும் கையில் இல்லை என்பது தெரிந்தது. அது புதிதல்ல. விலையைச் சொல்லிவிட்டுச் சரக்கைத் தேடிய நாட்கள் அவருக்கு நிறைய உண்டு.

கிளறிற்றா பின்னறையில் ஹோட்டல் அறைகளுக்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பேனையைக் கீழே வைத்தார்.

"என்னப்பா, உங்கட சமயத்தை உங்களுக்கு நானோ சொல்லித்தாறது?"

"குத்தாதையும். வழி சொல்லும்."

"நாளை மாத்தேலாதோ?"

"விமானக்காரன் மாட்டன் எண்டுறான்."

"இருபத்திரண்டு புது ஆக்களைப் பிடியுங்கோ."

"கொலோசியத்துச் சீட்டு முழுக்க ஆள் பேர் போட்டு வந்திட்டுது. வாசலிலை பாஸ்போட்டைப் பாத்துத்தான் விடுறாங்கள். சிவகௌரி அக்காவின்ர சீட்டிலை வேற ஆளைக் கொண்டுபோய் நிப்பாட்டினால், அந்த மனிசியின்ர முகத்துக்கு லண்டனிலை இன்னொரு முகம் கிடைக்குமோ?"

"கிடைக்காது," என்று கிளறிற்றா ஒப்புக்கொண்டார். "பதினாலு பேரோடை போவமோ?"

"பதினாலு பேரோடை போனால் சுற்றுலா இல்லை, குடும்பப் பயணம். சண்முகராசா அண்ணை அந்தப் பதினாலையும் எண்ணி எண்ணிச் சொல்லுவார். பிறகு நான் கண்ணாடிக்குப் பின்னாலை போய்க் கொழும்புச் சீட்டு விக்கவேண்டியதுதான். அடுத்த முறை என்ர பேரைக் கேட்டு ஒருத்தரும் ஒரு ரயில் கூட ஏறாயினம்."

கிளறிற்றா அறைப் பட்டியலை மடித்து வைத்தார். பிறகு, வேறு எதையோ யோசிப்பவர்போல, "நான் ரெண்டாந்தரம் போகேக்கை எங்கட கூட்டத்திலை ஒரு மனிசி நேர்த்திக்காகச் சாப்பிடாமல் வெறும் தண்ணியோடை நிண்டவ. ஒரு கரைச்சலும் இல்லை. ரோமிலை தண்ணிக்கு என்ன குறை? மூலைக்கு மூலை இரும்புக் குழாய், மூக்கு நீண்ட குழாய், ராவும் பகலும் ஓடிக்கொண்டு நிக்கும். ஐஸ் மாதிரித் தண்ணி. ஒரு சதம் இல்லை," என்றார். "அவ நடக்கிறதைப் பாத்து நாங்கள்தான் களைச்சுப்போனம். நாங்கள் சாப்பாட்டுக் கடை தேடித் தேடி அரைநாளை விட்டம். அவ அந்த நேரத்துக்கு மூண்டு தேவாலயம் கூடப் பாத்திட்டா."

வாமதேவன் கதிரையை விட்டு எழுந்தார்.

"திருப்பிச் சொல்லும்."

"எதை?"

"கடைசியாச் சொன்னதை. சாப்பிடாத மனிசி மூண்டு தேவாலயம் கூடப் பாத்தா எண்டதை."

"அதுக்கென்ன?"

"நான் இவ்வளவு நேரமும் விரதத்தை ஒரு ஓட்டை எண்டு நினைச்சு அடைக்கப் பாத்துக்கொண்டிருக்கிறன். அது ஓட்டை இல்லையப்பா, வாசல்."

கிளறிற்றா பேனையை எடுத்துக்கொண்டார். கணவருக்கு இந்தக் குரல் வந்துவிட்டால் இனி எழுதவேண்டிய வேலை இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை சிவகௌரியின் முன்னறையில் பதினைந்து பெண்கள். சோபாவில் நாலு பேர், மிச்சப்பேர் சாப்பாட்டுக் கதிரைகளில். தேத்தண்ணி வந்தது, வடை வரவில்லை. வடை வராத வீட்டில் விலை இறங்காது என்பது வாமதேவனின் அனுபவம். கிளறிற்றா பக்கத்தில் கொப்பியோடு இருந்தார்.

"சொல்லும் தம்பி," என்றார் சிவகௌரி.

வாமதேவன் மன்னிப்புக் கேட்டார். சுருக்கமாக, ஒரே தரம். நீட்டினால் பிழை பெரிதாகத் தெரியும். பிறகு ரோமின் வரைபடம் ஒன்றை மேசையில் விரித்தார்.

"அக்காமார், ஒரு கேள்வி. இந்த ரோமாபுரி எத்தனை குன்றிலை கட்டின ஊர்?"

பெண்கள் வரைபடத்தில் குனிந்து தேடினார்கள்.

"ஏழு. உலகம் முழுக்க அப்பிடித்தான் சொல்லுறது, ஏழு குன்று நகரம் எண்டு."

சொல்லிவிட்டு அவர் கோப்பையை எடுத்தார். தேத்தண்ணியைக் குடித்தார். நல்ல துணியை விரித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளவேண்டும். மிச்சத்தைத் துணி பேசும்.

ஜன்னலோரம் இருந்த கிரிஜாதான் முதலில் பேசினார். கோயம்புத்தூர்க்காரர், வங்கி ஒன்றில் கணினி வேலை, சங்கத்தில் இரண்டு வருடம்.

"குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க," என்றார் மெதுவாக. "சஷ்டி நேரத்துல குன்று குன்றா ஏறுறதுன்னா... கேக்கவே நல்லாத்தான் இருக்கு."

விற்கிறவன் சொன்னால் விளம்பரம். வாங்க வந்தவர் சொன்னால் சாட்சி. வாமதேவன் கோப்பையை வைத்தார்.

"கிரிஜா அக்கா சொன்ன பிறகுதான் எனக்கே விளங்குது."

"நடிக்காதையும்," என்றார் சிவகௌரி. "உந்தக் குன்று எவ்வளவு உயரம்?"

"கொஞ்சம் உயரம்தான் அக்கா."

"தம்பி, நான் கிழமைக்கு மூண்டு தரம் ஹைகேற் முருகனிட்டைப் போறனான். அந்த ஏத்தம் எனக்குத் தெரியும். அதோடை பாக்க எப்பிடி?"

வாமதேவன் கிளறிற்றாவைப் பார்த்தார். கிளறிற்றா பொய் சொல்லமாட்டார். அது அவரது குறை. "அதைவிடப் பதிவு, உயரம் குறைவு அக்கா. சிலது குன்று எண்டே தெரியாது. ரோட்டு மாதிரிக் கிடக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். வாமதேவன் அவர்களோடு சேர்ந்து பலமாகச் சிரித்தார். "விரதகாரருக்கு ஏத்த உயரம்," என்றார். "செங்குத்தாக் கிடந்தால் நான் கூட்டிக்கொண்டு போவனோ? எங்கட முருகனுக்கு உயரம் முக்கியமோ, மேடு முக்கியமோ?"

பிறகு நாட்களைச் சொல்லத் தொடங்கினார். பழைய திட்டத்தில் ஐந்து நாளில் கொலோசியம், பாப்பரசரின் அருங்காட்சியகம், காசு எறிகிற நீரூற்று, கூரையில் ஓட்டை விட்ட பழைய கோயில், பிறகு சாப்பாடு, பிறகு சாப்பாடு, பிறகு சாப்பாடு. புதுத் திட்டத்தில் சாப்பாட்டு நேரம் முழுவதும் வெறுமையாகக் கிடந்தது. அந்த வெறுமையில் வாமதேவன் ஊரை அடுக்கினார். செவ்வாய் பின்னேரம் கப்பிற்றோலைன் குன்று, அதன் அகலப் படிகள். புதன் காலை பாலத்தைன். ராசாமாரின் மாளிகை இடிந்து கிடக்கிற மேடு, கீழே கொலோசியம். வியாழன் குயிரினால், அதன் அடியில்தான் நீரூற்று, எல்லோரும் பிரேக்பஸ்ற் சாப்பிடும் நேரத்தில் போனால் படம் பிடிக்க இடம் கிடைக்கும். சனிக்கிழமைக்கு மிச்ச மூன்று குன்றும். அதற்கு முன் வெள்ளி அவெந்தைன். அங்கே ஒரு பூட்டின கதவு, அதன் சாவித் துவாரத்தால் பார்த்தால் பேதுருவானவர் தேவாலயத்தின் கோபுரம் முழுசாகத் தெரியும்.

"துவாரத்தாலை பாக்கவோ?" என்றார் ஒரு பெண். "நாங்கள் அங்கை போய்ச் சனத்தின்ர வீட்டை எட்டிப் பாக்கிறதோ?"

"வரிசையிலை நிண்டு எட்டிப் பாக்கினம் அக்கா. எங்கட ஊரிலை வரிசை இல்லாமல் பாக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்."

கிளறிற்றா நடுவில் ஒன்று சொன்னார். "இருபத்தெட்டுப் படி இருக்கு. யேசு ஆண்டவர் ஏறின படி எண்டு நாங்கள் நம்புறது. அதிலை கால் வைக்கக் கூடாது, முழங்காலாலைதான் ஏறவேணும். நான் ரெண்டு தரம் ஏறினனான்."

தேரின் பின்னால் வெறுந்தரையில் விழுந்து விழுந்து கும்பிட்டு அடியழித்துப் போன பெண்கள் அந்த அறையில் ஆறேழு பேர் இருந்தார்கள். முழங்காலில் ஏறுவது என்றால் என்ன என்று அவர்களுக்கு ஒருவரும் விளக்கவேண்டியதில்லை.

"எங்களை விடுவினமோ?" என்று கேட்டார் சிவகௌரி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"தோளும் முழங்காலும் மூடியிருந்தால் ஒருத்தரும் ஒண்டும் கேளாயினம் அக்கா. சேலைக்கு மேலை ஒரு சால்வை."

வாமதேவன் மனைவியைப் பெருமையோடு பார்த்தார். தான் அரை மணித்தியாலம் பேசி அசைக்காத தராசை அவர் இருபத்தெட்டுப் படியால் அசைத்துவிட்டார்.

ஆனால் சிவகௌரி சமையலறை ஆண்டவர். உணர்ச்சி வேறு, ஏற்பாடு வேறு. விரலை மடக்கினார்.

"விடிய நாலரைக்கு முழுக்கு. ஒரு அறையிலை மூண்டு பேர். தலை முழுக எங்களுக்குச் சுடுதண்ணி வேணும்."

"ஹோட்டல்காரனோடை நேற்றே கதைச்சிட்டன். நாலு மணிக்குக் கொதிதண்ணி. 'ஏன் இந்த நேரத்துக்கு?' எண்டு கேட்டான். 'இருபத்திரண்டு அரசிகள் வருகினம்' எண்டன்."

"புளுகு வேண்டாம். பாலும் பழமும்?"

"பின்னேரம் ஆறு மணிக்கு ஹோட்டலிலை தனி அறை. வாழைப்பழம், முந்திரிகை, அத்திப்பழம், போத்திலிலை பச்சைப் பால். அவன்ர சட்டியிலை ஒரு சொட்டும் படாது."

"ஒருநேரம் சாப்பிடுற ஆக்களுக்கு?"

"தக்காளிச் சோறு. நானே பக்கத்திலை நிண்டு பாக்கிறன். வெங்காயம் உள்ளிப்பூண்டு கூட இல்லை."

"உள்ளி இல்லாமல் இத்தாலிக்காரன் சமைப்பானோ?"

"அழுதுகொண்டு சமைப்பான் அக்கா."

இந்த முறை சிவகௌரியும் சிரித்தார். "நாங்கள் சாப்பிடாத விருந்தின்ர காசு?"

இதை வாமதேவன் எதிர்பார்த்தே வந்திருந்தார். "விருந்துக்குப் பதிலா எல்லாருக்கும் பேதுருவானவர் கோபுரம். மொட்டை மாடிவரைக்கும் லிப்ற். அதுக்கு மேலை முந்நூற்றி இருபது படி, விருப்பமான ஆக்கள் ஏறலாம். மேலை நிண்டால் ஏழு குன்றும் ஒரே பார்வையிலை."

"லிப்ற் காசு?"

"என்ர கணக்கு."

"சால்வை?"

"அக்கா, யானையை வாங்கிப்போட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுறியள்."

"யானை இன்னும் வாங்கேல்லை தம்பி. சால்வை?"

"என்ர கணக்கு," என்றார் வாமதேவன். கிளறிற்றா கொப்பியில் எழுதினார்.

அடுக்களையில் இருந்து வடை வந்தது. வாமதேவன் ஒன்றை எடுத்தார். அது வாய்க்குப் பாதி வழியில் போகும்போது சிவகௌரி மெல்லச் சொன்னார்:

"இன்னும் ஒண்டு."

"சொல்லுங்கோ அக்கா."

"நாங்கள் வயிறு காய்ஞ்சு பின்னாலை நடக்க, முன்னாலை போற நீர் கடை கடையா நிண்டு இறாலும் மீனும் சாப்பிட்டுக்கொண்டு போறதோ? வழி காட்டிறவர் விரதம் இல்லாட்டில், அது விரதகாரரின்ர பயணம் இல்லை. நீரும் பிடிக்கவேணும். ஆறு நாளும்."

வடை நின்ற இடத்திலேயே நின்றது. பதினைந்து சோடிக் கண்கள். பக்கத்தில் கிளறிற்றா கொப்பியால் வாயை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

வாமதேவன் வாழ்க்கையில் பல விலைகளைக் கேட்டிருக்கிறார். காசாகக் கேட்டால் ஒரு பத்து வீதம் கொடுத்துச் சமாளிக்கலாம். இந்த மனிசி கேட்பது வயிற்றை. ரோமின் கடலுணவுக் கடைகள் இரண்டை அவர் ஏற்கனவே மனதுக்குள் பதிவு செய்து வைத்திருந்தார். ஆனால் அவர் மனம் தளரவில்லை. விலை சொல்லிவிட்டார்கள் என்றால் வாங்கப்போகிறார்கள் என்று அர்த்தம். இனிப் பேரம் மட்டும்தான்.

"ரெண்டு நாள் அக்கா. முதல் நாளும் கடைசி நாளும்."

"ஆறு."

"பயண நாளிலை மட்டும், அஞ்சு."

"சூரன்போருக்குச் சாப்பிட்டிட்டு வரப்போறீரோ? ஆறு."

"சரி, ஆறு. ஆனால் ஒருநேரச் சோறு."

"பால் பழம்."

"அக்கா, முப்பத்தாறு பேருக்கு முன்னாலை கத்திக் கத்தி நடக்கிறவன். பாதி வழியிலை விழுந்தால் ஆர் தூக்குறது?"

"நான் தூக்குவன். அறுநூறு பிள்ளையளின்ர உருளைக்கிழங்கு மூட்டை தூக்கின கை."

வாமதேவன் அந்தக் கையைப் பார்த்தார். தூக்குவார்.

"காலமை ஒரு கோப்பி," என்றார். "இத்தாலிக்குப் போய்க் கோப்பி குடியாமல் வந்தால் பாவம் அக்கா. உங்களுக்கும்தான்."

பெண்கள் பக்கத்தில் ஒரு அசைவு. கிரிஜா, "காபி கூடாதுன்னு எங்கயும் போடலையே," என்றார். வேறு இரண்டு பேர் கோப்பியில்லாமல் தங்களுக்குத் தலை இடிக்கும் என்றார்கள். சிவகௌரி யோசித்தார். விரதத்தை விட்டுக்கொடுக்காமல் சங்கத்தையும் விட்டுக்கொடுக்காமல் ஒரு இடம் தேடுகிறார் என்று வாமதேவனுக்குத் தெரிந்தது.

"பால் கோப்பி. பதினொரு மணிக்கு முன்னம். அதுக்குப் பிறகு ஒருத்தரும் தொடக்கூடாது."

"அந்த ஊர்ச் சனத்துக்கும் அதே சட்டம்தான் அக்கா. பதினொரு மணிக்குப் பிறகு பால் கோப்பி கேட்டால் எங்களை ஒரு மாதிரிப் பாப்பினம்."

"அப்ப அவையும் ஒழுங்கான சனம்தான்," என்று தீர்ப்புச் சொன்னார் சிவகௌரி.

"கிளறிற்றா?"

"அவ வேதக்காரி. சாப்பிடட்டும். நீர் பக்கத்திலை இருந்து பாத்துக்கொண்டிரும். அதுதான் முழு விரதம்."

வாமதேவன் வடையைத் தட்டில் திரும்ப வைத்தார். யோசித்துவிட்டு மறுபடி எடுத்து வாயில் போட்டார். கந்தசஷ்டிக்கு இன்னும் மூன்று கிழமைக்கு மேல் இருந்தது. முன்பணம் கட்ட அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"சரி அக்கா," என்றார் மென்றபடி. "பிடிக்கிறன்."

தீபாவளிக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்ரான்ஸ்ரெட் விமான நிலையத்தில் முப்பத்தாறு பேரும் வந்துவிட்டார்கள். ஒரு தமிழ்க் கூட்டம் சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னால் வந்து நின்றது இதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும். நாலரைக்கு முழுகின ஆட்களுக்குப் பத்து மணி என்பது பின்னேரம். நெற்றியில் விபூதி, தோளில் ஒரே நிறச் சால்வை, காலில் நடைச் சப்பாத்து. பாதுகாப்புச் சோதனைக்காரர் பைகளைத் திறந்து பார்த்துவிட்டு, வாழைப்பழத்தைத் தவிர ஒன்றும் இல்லாததைக் கண்டு அடுத்த பையை நம்பிக்கையில்லாமல் திறந்தார். அதிலும் வாழைப்பழம்.

விரதம் இல்லாத பதினாலு பேரில் நாலு பேர் முதல் நாள் இரவு தொலைபேசி எடுத்து, தாங்களும் பிடிக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். மிச்சப் பத்துப் பேர் கிளறிற்றாவின் பொறுப்பு. அவர்களுக்கு அந்தப் பழைய விருந்தும் உண்டு. கிளறிற்றா அவர்களைத் தூரமாக ஒரு கடையில் இருத்தி முட்டை ரொட்டி வாங்கிக்கொடுத்தார். அந்த வாசனை கடையைத் தாண்டி, வாசனைத் திரவியக் கடையையும் தாண்டி, நேரே வாமதேவனிடம் வந்தது. அவர் அதிகாலையில் ஒரு கோப்பியையும், ஒரு வாழைப்பழத்தையும், இரண்டாவது கோப்பியையும் பார்த்த மனிதர்.

சிவகௌரி பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, பசிக்குதோ?"

"இல்லை அக்கா. உற்சாகமா இருக்கு."

"பொய் சொன்னால் விரதம் முறியும்."

"பசிக்குது அக்கா. நல்லாப் பசிக்குது."

"எனக்கும்தான்," என்றார் சிவகௌரி. "ரெண்டாம் நாள் போயிடும். மூண்டாம் நாள் தலை தெளியும். பிறகு பாரும், கண்ணுக்கு எல்லாம் வடிவாத் தெரியும்." அவர் கைப்பையைத் திறந்து ஒரு தடித்த கட்டை எடுத்தார். றப்பர் பட்டி போட்ட இருபத்திரண்டு பாஸ்போட். "இதை நீர் வைச்சிரும். ஏறுற இடத்திலை ஒவ்வொண்டாக் குடும்."

வாமதேவன் சட்டென்று கையை நீட்டவில்லை. பாஸ்போட்டை ஒரு நாளும் பிறத்தியார் கையில் கொடுக்காத சனம் இது. அந்தச் சின்னப் புத்தகத்துக்காகப் பத்து வருடம், பன்னிரண்டு வருடம் காத்திருந்து, கிடைத்த நாளிலிருந்து அதைத் தாலிக்கொடியோடு ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டின சனம். சங்கத் தலைவி கேட்டபோது எப்படிக் கொடுத்தார்களோ, அது அவர்களுக்குத்தான் வெளிச்சம். ஒரு முதல் சுற்றுலாக்காரனுக்கு இதற்குமேல் யாரும் முன்பணம் கட்டமுடியாது.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பலகையில் எழுத்து மாறியது. ரோம், வாசல் நாற்பத்தொன்பது. கூட்டம் எழுந்தது. யார் யாருக்குப் பக்கத்தில் இருப்பது என்ற சண்டை அந்த நொடியே தொடங்கியது. கிரிஜாவுக்கு ஜன்னல் வேண்டும். சிவகௌரிக்கும் ஜன்னல் வேண்டும்.

"அக்காமார்!" என்று வாமதேவன் குரலை உயர்த்தினார். பாலும் பழமும் மட்டும் தின்ற குரல் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். "போகேக்கை ஒராள், வரேக்கை மற்றாள். இதிலை பேரம் இல்லை. வாங்கோ, நடவுங்கோ!"

நடந்தார்கள்.